நாற்பதாவது வீடு

முந்நூற்றெண்பத்தாறு பேருக்கு ஒரு கூரை தேட எனக்கு இரண்டு நாள் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தாசில்தார் போனில் சொன்னார். செவ்வாய் மாலை ஐந்தரைக்குள் இடத்தின் பெயர் மாவட்ட அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். ஒரு குடும்பத்துக்கு வாடகை வீடு தேடவே இந்தக் காலத்தில் ஆறு மாதம் அலைய வேண்டியிருக்கிறது. ஆனால் வருவாய் ஆய்வாளர் உத்தியோகம் அப்படித்தான். வெள்ளம் வந்தாலும் புனிதவதியைக் கூப்பிடு, அமைச்சர் வந்தாலும் புனிதவதியைக் கூப்பிடு, நடுத்தெருவில் மாடு செத்துக் கிடந்தாலும் புனிதவதியைக் கூப்பிடு.

வந்தவர்கள் வேதாரண்யத்துக்குத் தெற்கே இருந்த மூன்று ஊர்க்காரர்கள். 'இருந்த' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. கடல் அந்த ஊர்களுக்குள் முன்பும் பலமுறை வந்திருக்கிறது, இந்த முறை திரும்பிப் போகவில்லை. கிடைத்த ரயிலில் ஏற்றி மேட்டு மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பியதில், எங்கள் மேலக்கரும்பூருக்கு விழுந்த பங்கு இவர்கள். ஸ்டேஷனை ஒட்டிய சரக்குக் கொட்டகையில் இறக்கிவிட்டிருந்தார்கள். மேலே தகரம், கீழே சிமெண்டுத் தூசி, எல்லோருக்குமாக ஒரே குழாய்.

அவசரத்துக்குக் காரணம் வெயில் இல்லை, ஈரவெப்பம். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் எனக்குப் புரியும்படி விளக்கினார். வெறும் வெயில் என்றால் வியர்த்து ஆறிக்கொள்ளலாம். காற்றே ஈரத்தில் ஊறிக் கிடந்தால் வியர்வை காயாது, உடம்பின் சூடு வெளியேற வழியில்லை, நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள்கூட ஆறு மணி நேரத்தில் போய்விடுவார்கள். வியாழக்கிழமை அப்படிப்பட்ட காற்று வந்து மூன்று நாள் நிற்கும் என்று அறிவிப்பு. தடித்த சுவர், ஓடுகிற விசிறி, மேலுக்கு ஊற்றிக்கொள்ளத் தண்ணீர் மூன்றும் இருந்தால் பிழைக்கலாம். தகரத்துக்கு அடியில் பிழைக்க முடியாது என்று டாக்டர் நேராகவே சொன்னார்.

மூன்றும் இருக்கிற இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான். பொன்னம்மாள் திருமண மண்டபம். பழைய காலத்துச் சுவர், ஜெனரேட்டர், வற்றாத போர்வெல், பன்னிரண்டு கழிவறை, ஆயிரம் பேருக்குச் சமைக்கிற அடுப்பங்கரை. ஆடி மாதம் என்பதால் ஒரு முகூர்த்தமும் கிடையாது. சென்னையில் இருக்கிற உரிமையாளர் பேசிய இரண்டாவது நிமிடத்திலேயே சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். மண்டபம் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. என் கல்யாணமும் அங்கேதான் நடந்தது.

மிச்சம் இருந்தது அக்கம்பக்கத்தாரின் சம்மதம். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு மாவட்டத்தில் இப்படி ஒரு புகலிடத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாகத் தீ வைத்துவிட்டார்கள். அதிலிருந்து ஒரு விதி வந்தது. சுற்றியிருக்கிற வீடுகளில் ஒரு வீடு மறுத்தாலும் அந்த இடம் தள்ளுபடி. வீடு என்றால் வீட்டில் இருக்கிறவர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சம்மதத்தைச் சொல்வது பெட்டி.

திங்கட்கிழமை காலை பத்து மணி வாக்கில் கொட்டகை வாசலில் நின்று டேப்லெட்டில் பெட்டிக்குக் கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவர்களில் செல்லக்கிளி என்று ஒரு அம்மா, உப்பளத்தில் வேலை பார்த்தவர், ஐம்பது வயதிருக்கும், எல்லோருக்குமாகப் பேசினார். கால் வீங்கிய அவர் வீட்டுக்காரர் காத்தமுத்து ஒரு சாக்கின் மேல் சாய்ந்திருந்தார். செல்லக்கிளி என்னிடம் வந்து, இடம் கிடைத்ததா என்று கேட்டார். கேட்டிருக்கிறோம் என்றேன்.

"யாரக் கேட்டிங்க ஆபீசரம்மா? வந்ததுலேர்ந்து இங்கயேதான நிக்கிறிய?"

"வீடு வீடாப் போயி கேக்கறதெல்லாம் இப்ப இல்லம்மா. ஒவ்வொரு வீட்டுக்கும் பெட்டிக்குள்ள ஒரு குரல் இருக்கு. அந்த வீட்டுக்காரங்க போன்ல பேசுனது, குடுத்த மனு, ரேஷன் கடையில போட்ட சண்டை, தெருக் குழுவுல எழுதுனது எல்லாத்தையும் வச்சி செஞ்சது. எதைக் கேட்டாலும், அவங்க என்ன சொல்லுவாங்களோ அதையே சொல்லும்."

"அவுகளுக்குத் தெரியாமயா?"

"அவங்களுக்கு அதான் வசதி. கூட்டத்துக்கு வர வேணாம் பாருங்க."

செல்லக்கிளி விடவில்லை. "அப்ப எங்க வீட்டுக்கும் ஒண்ணு இருந்திருக்கணுமே, அது எங்க இருக்கு இப்ப?" என்றார். கதவு எண் ரத்தானால் குரலும் ரத்தாகும் என்பது விதி. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று அலுவலகத்துப் பொய் ஒன்றைச் சொன்னேன்.

பதில் வந்தது. மண்டபத்தைச் சுற்றி அறுபத்தொரு வீடு. இருபத்தொன்று சரி என்றன. நாற்பது மறுத்தன.

மறுப்போடு காரணமும் வரும். 'என் வாசலில் வண்டி நிறுத்த இடமிருக்காது.' 'பெண் பார்க்க வருகிறவர்கள் தெருவைப் பார்த்துத் தயங்குவார்கள்.' 'வருகிறவர்கள் எந்த ஆட்கள் என்று தெரியவில்லை.' 'கடலோரத்து மக்கள் சத்தமாகப் பேசுவார்கள்.' எல்லாம் என் தெருக்காரர்கள், தீபாவளிக்கு எனக்குத் தட்டில் பலகாரம் கொடுத்து அனுப்புகிறவர்கள். படித்துவிட்டு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பள்ளிக்கூடத்தைக் கேட்டால் இன்னும் மோசம். வெங்காயக் கிடங்கைக் கேட்டால் அதைவிட மோசம். ஒரு மறுப்பும் இல்லாமல் வந்தது, ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன கல் குவாரி மட்டும்தான். அங்கே நான்கு தகரக் கொட்டகை உண்டு. சுற்றி வீடே இல்லை என்பதால் மறுக்கவும் ஆள் இல்லை.

பட்டியலில் ஒரு குழப்பம் இருந்தது. மொத்தம் நாற்பது மறுப்பு என்று காட்டிய பெட்டி, பெயர் வாரியாக முப்பத்தொன்பது வீட்டைத்தான் கொடுத்தது. ஊராட்சிச் செயலர் அழகுதுரை அண்ணனிடம் காட்டினேன். சிங்கப்பூர் போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடு ஏதாவது இருக்கும், அதைப் பிறகு பார்க்கலாம் என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

வழியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். விதிப் புத்தகத்தில் ஒன்பதாவது பிரிவு: குரல் தெரிவித்த மறுப்பை, குடும்ப அட்டையில் தலைவராக உள்ளவர் தீர்மானப் புத்தகத்தில் நேரில் கையெழுத்திட்டுத் திரும்பப் பெறலாம், வருவாய் ஆய்வாளர் உடனிருக்க வேண்டும்.

"யாரு அண்ணே திரும்பப் பெறுவா? நாற்பது பேரோட மல்லுக்கட்ட இந்த ஜென்மம் போதாது" என்றேன்.

"எதுக்கு மேடம் மல்லுக்கட்டணும்? புத்தகத்த எடுத்துட்டுப் போவோம். போடுவாங்க" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் கிராம சபை நடக்கிற விதத்தை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பெட்டி வருவதற்கு முன்னாலும் கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். மறுநாள் அழகுதுரை அண்ணன் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார், கையெழுத்து வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்டுவார். பெட்டி வந்த பிறகும் புத்தகம் ஒழியவில்லை. வருடத்தில் நாலைந்து முறை வாசலில் வந்து நிற்பார், எல்லோரும் போடுவார்கள். ஒருவரும் படிக்க மாட்டார்கள். படிக்கத் தெரியாமல் இல்லை. வாங்கிப் படித்தால் முப்பது வருடமாகத் தெரிந்த மனுஷனை நம்பாத மாதிரி ஆகிவிடும், அது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர்கள். இந்த மரியாதை ஒன்றை வைத்து ஊரையே எழுதி வாங்கிவிடலாம்.

செவ்வாய்க்கிழமை காலை தீர்மானத்தை என் கையாலேயே எழுதினேன். 'பொன்னம்மாள் மண்டபத்தில் புகலிடம் அமைய என் வீட்டுக்குரல் தெரிவித்த மறுப்பை முழு விவரம் அறிந்து திரும்பப் பெறுகிறேன்.' கீழே முப்பத்தொன்பது வரி. பிறகு வெயிலில் இறங்கினோம்.

மெகருன்னிசா அக்கா மாவுக் கையைத் துடைத்துவிட்டு நின்றவாக்கிலேயே போட்டார். இந்த முறையாவது கூட்டத்துக்கு மிக்சர் உண்டா என்று மட்டும் கேட்டார். கண்டக்டர் வீட்டம்மா, தண்ணீர் விஷயமா என்றார். தண்ணீரும் உண்டு என்றார் அழகுதுரை அண்ணன், அது பொய்யும் இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை லூர்துமேரி டீச்சர் கண்ணாடியை எடுத்து மாட்டியபோது, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவர் புத்தகத்தை வாங்கி, இடதுபக்கம் இருந்த போன வருடத்துத் தெருவிளக்குத் தீர்மானத்தை வரி விடாமல் படித்தார். நல்ல காரியம், சீக்கிரம் செய்யுங்கள் என்று வாழ்த்தி வலதுபக்கம் கையெழுத்திட்டார். தெருமுனை வந்ததும் நானும் அழகுதுரை அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரித்தோம்.

ஏமாற்றுகிறோம் என்று தெரியும். தெரிந்தேதான் செய்தேன். அன்று பகல் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் இருக்கிற அசிங்கமான மனுஷர்களைவிட வாசலில் நின்று கையெழுத்துப் போடுகிற மனுஷர்கள் மேல் என்று ஒரு நினைப்பு. இவர்களை அவர்களிடமிருந்து நான் காப்பாற்றுகிறேன் என்றுகூட ஒரு பெருமை. ஐந்து மணிக்கு முப்பத்தொன்பதாவது கையெழுத்தை வாங்கி, பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு மண்டபத்துப் படியில் உட்கார்ந்தேன். பஸ்களை அனுப்பலாமா என்று தாசில்தாரைக் கேட்டேன்.

"இன்னும் ஒரு மறுப்பு நிக்குதே மேடம்" என்றார்.

பூட்டின வீடாக இருக்கும் என்றேன். பூட்டின வீட்டுக்குக் குரல் கணக்கில் வராது என்றார். இடத்தை விசாரிக்கும் அலுவலருடைய வீடு அந்த வட்டத்துக்குள் இருந்தால் அதை அவருக்கே காட்டக் கூடாது என்று ஒரு ஏற்பாடு இருக்கிறதாம்.

"உங்க வீடுதாங்க அது. ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டுச் சொல்லுங்க. அஞ்சரை வரைக்கும் லைன் திறந்திருக்கும்."

எனக்கு முதலில் வந்தது என் கணவர் மேல் ஆத்திரம். தெருக் குழுவில் கண்டதையும் எழுதுகிறவர் அவர்தான். உடனே போன் செய்து, நீங்கள் என்ன எழுதித் தொலைத்தீர்கள் என்று கத்தினேன். அவர் அமைதியாக, "அட்டையில குடும்பத் தலைவி நீதானே புனிதா? குரல் உன்னோடதுதான். இப்ப என்ன, கையெழுத்துப் போட்டுட்டு வாயேன், பாவம் அவங்க" என்றார். அவருக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்தது.

அழகுதுரை அண்ணன் புத்தகத்தை விரித்துப் பேனாவையும் நீட்டினார். நாற்பதாவது வரியை அவரே அடியில் கோடு போட்டு வைத்திருந்தார். மணி ஐந்து பத்து.

நான் பேனாவை வாங்கினேன். அப்போதுதான் மண்டபத்தின் பின்சுவரைப் பார்த்தேன். அந்தப் பக்கம் என் வீட்டுத் துணிக்கொடி. முந்நூற்றெண்பத்தாறு பேர் அந்தச் சுவர்மேல் துணி காயப்போடுவார்கள். பிள்ளைகள் ஏறி உட்காரும். மண்டபத்துப் போர்வெல்லுக்கும் என் வீட்டுப் போர்வெல்லுக்கும் ஒரே ஊற்று, என் தொட்டி நிரம்பாது. மூன்று நாளில் போகிறவர்கள் இல்லை, போக ஊர் இல்லாதவர்கள். எத்தனை மாதமோ, எத்தனை வருடமோ, என் அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்தால் அவர்கள் முகம். எனக்குப் பயமாக இருந்தது. அருவருப்பும் இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

அன்று புத்தகத்தில் கையெழுத்துக் கேட்கப்பட்டவர்களில், என்னவென்று தெரிந்து போட வேண்டியிருந்தவள் நான் ஒருத்திதான்.

பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு நேர்மை ஊறியது. காலையிலிருந்து எங்கே போயிருந்ததோ தெரியவில்லை, ஐந்து இருபதுக்கு வந்து நின்றது. மெகருன்னிசா அக்காவை ஏமாற்றலாமா? தலைமையாசிரியையை ஏமாற்றலாமா? 'முழு விவரம் அறிந்து' என்று எழுதி, விவரமே சொல்லாமல் கையெழுத்து வாங்குவது மோசடி இல்லையா? நாளைக்கு விசாரணை வந்தால்? அதைவிட, அந்த மக்களையே ஒரு பொய்யின் மேல் கொண்டுபோய்க் குடிவைப்பது தர்மமா?

மூடி போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இது முறையில்ல அண்ணே. யாருக்கும் ஒண்ணும் சொல்லாம வாங்கினது. முறைப்படி கூட்டம் போட்டு, எடுத்துச் சொல்லி வாங்குவோம்."

அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "அப்ப காலையிலேர்ந்து நாம பண்ணது என்ன மேடம்?" என்றார்.

தாசில்தாருக்குப் போன் செய்து, கையெழுத்துகள் உரிய விளக்கமின்றிப் பெறப்பட்டவை, அவற்றை ஏற்க என் மனசாட்சி இடம் தரவில்லை என்று, கிட்டத்தட்ட எழுத்து நடையிலேயே சொன்னேன். நல்ல வேளை, இந்தக் காலத்தில் இப்படி நேர்மையாக யார் சொல்கிறார்கள் என்றார் அவர். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. ஐந்தரைக்குக் குவாரியின் பெயர் மேலே போயிற்று. நான் வீட்டுக்கு நடந்தே போனேன். கணவர் கேட்டபோது அவரிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னேன், இன்னும் தெளிவாக வந்தது. அவர் எழுந்து உள்ளே போனார்.

புதன்கிழமை பஸ்கள் அவர்களைக் குவாரிக்குக் கொண்டுபோயின. தண்ணீர் லாரி போயிற்று, விசிறி போயிற்று, விசிறிக்கு மின்சாரம் வெள்ளிக்கிழமை போயிற்று. வியாழன் மதியத்திலிருந்து சனி காலைவரை பதினான்கு பேர் செத்தார்கள். டாக்டர் என்னிடம் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். முறைப்படி போடுவதாகச் சொன்ன கூட்டம் போடப்படவில்லை. ஒரு மாதம் கழித்து மாவட்ட அலுவலகத்திலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. நெருக்கடியிலும் நடைமுறை வழுவாத அலுவலர் என்று அதில் இருந்தது. பீரோவில், புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கடிதம் வந்த மறுவாரம் செல்லக்கிளி அலுவலகத்துக்கு வந்தார். வீட்டுக்காரர் காத்தமுத்துவின் வாரிசுச் சான்றுக்கு என் பரிந்துரை வேண்டும். படிவத்தில் முகவரி என்ற இடத்தை வெற்றாக விட்டிருந்தார். அந்த ஊர் இல்லை, குவாரிக்குக் கதவு எண் கிடையாது, என்ன எழுதட்டும் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மேலக்கரும்பூர் என்று மட்டும் எழுதச் சொன்னேன். குனிந்து நிதானமாக எழுதினார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செயலரய்யாட்ட கேட்டேம்மா. எங்களுக்காக வேகாத வெயில்ல முப்பத்தொன்பது வீடு ஏறி எறங்குனிங்களாமே. அதுக்கு மேல அவரு ஒண்ணும் சொல்லல. நீங்க நல்லாருக்கணும்."

அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு டேப்லெட்டை எடுத்தேன். விசாரணை முடிந்த கோப்பில் அலுவலர் தன் வீட்டுப் பதிவையும் பார்க்கலாம். ஒரு மாதமாகவே அந்த அனுமதி இருந்தது, நான்தான் தொடவில்லை. என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்: துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி, அடுப்பங்கரை ஜன்னல். தெருவில் மற்றவர்களுக்கு இருந்த அசிங்கம் எனக்கும் இருந்தது என்று ஒப்புக்கொள்ளத் தயாராகத்தான் திறந்தேன்.

அப்படி ஒன்றும் இல்லை. இரண்டே வரி. 'வருகிறவர்கள்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. சம்மதம் வாங்கிய முறை சரியில்லை என்பது மட்டுமே என் மறுப்பு.'

பதிவான நேரம் கீழே இருந்தது. திங்கட்கிழமை, காலை பத்து இருபது. நானும் அழகுதுரை அண்ணனும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது செவ்வாய்க்கிழமை.